ஆர் புள்ளியியல் பொதிகளைக் கட்டளை வரியில் நிறுவலும் நீக்கலும்: தமிழாய்வாளர் நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

சொல்லடைவு, சொல்நிகழ்வெண், மாதிரியெடுப்பு முதலிய பணிகளுக்குத் தமிழாய்வாளர்கள் ஆர் என்னும் புள்ளியியல் மென்பொருளைக் கையாள்கின்றனர். அதன் பொதிகள் கணினியில் எங்கே அமர்கின்றன, கட்டளை வரியில் அவற்றை நிறுவும்போதும் நீக்கும்போதும் என்ன நிகழ்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பதிப்பு மாறினால் ஆய்வின் எண்ணும் மாறக்கூடும். ஆதலால் நிறுவலும் நீக்கலும் ஆய்வு முறையியலுக்குள் வைத்து எண்ணத்தக்கவை என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: ஆர் மென்பொருள், பொதி, கட்டளை வரி, நூலகம், சார்புப் பொதி, பதிப்பு, தமிழ்த் தரவகம்

முன்னுரை

கட்டுரையாளரின் முனைவர்பட்ட ஆய்வுக்காகக் குறுந்தொகையின் 401 பாடல்களிலிருந்து 40 பாடல்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஆர் மென்பொருளில் 'செட் சீட்' என்னும் செயற்கூற்றுக்கு ஓர் எண்ணைக் கொடுத்து, பின்னர் 'சாம்பிள்' என்னும் செயற்கூற்றை இயக்கினால் தேர்வு கிடைத்துவிடும். தொடக்கத்தில் அதே எண்ணைக் கொடுத்தால் எத்தனை முறை இயக்கினாலும் அதே தேர்வு வரும் என்றே கற்றிருந்தோம். ஈராண்டுகள் கழித்து, தேர்வைச் சரிபார்த்துக் காட்டுமாறு நெறியாளர் கேட்டார். துறையின் பொதுக் கணினியில் அதே நிரலை இயக்கியபோது வந்தவை வேறு 40 பாடல்கள். நிரலில் ஓரெழுத்தும் மாறியிருக்கவில்லை. அந்தப் பாடல்களின் மேல் எழுப்பப்பட்ட இயல் ஏறத்தாழ எழுதி முடிந்திருந்தது.

காரணம் நிரலில் இல்லை. மென்பொருளின் பதிப்பில் இருந்தது. கட்டுரையாளரின் பழைய மடிக்கணினியில் உபுண்டு 18.04 இயக்குதளத்துடன் வந்த ஆர் 3.4.4 இருந்தது. துறைக் கணினியில் உபுண்டு 22.04 தரும் ஆர் 4.1.2 இருந்தது. இவ்விரண்டுக்கும் இடையே, 2019 ஏப்ரலில் வெளிவந்த 3.6.0 பதிப்பில், 'சாம்பிள்' செயற்கூறு தன் குலுக்கும் வழியை மாற்றிக்கொண்டது. பழைய வழி, மிகப் பெரிய தொகுதிகளிலிருந்து தேர்ந்தெடுக்கும்போது சமவாய்ப்பிலிருந்து சிறிது விலகியது என்பதே மாற்றத்துக்குக் காரணம். தொடக்க எண்ணாக 123-ஐக் கொடுத்து 1 முதல் 10 வரையுள்ள எண்களைக் குலுக்கச் சொன்னால் பழைய பதிப்புகளில் 3, 8, 4, 7, 6, 1, 10, 9, 2, 5 என வரும். 3.6.0 முதல் 3, 10, 2, 8, 6, 9, 1, 7, 5, 4 என வரும். பழைய வழியையே கேட்டுப் பெறவும் இடமுண்டு. குலுக்கல் வகையை 'ரவுண்டிங்' என்று அமைத்துவிட்டு இயக்கினால் ஆர் ஓர் எச்சரிக்கையைச் சொல்லிவிட்டுப் பழைய வரிசையைத் தருகிறது. கட்டுரையாளரின் 40 பாடல்கள் அவ்வாறே திரும்பக் கிடைத்தன.

தமிழாய்வுலகுக்கு இது புதிய பாடம் அன்று. குறுந்தொகையை மேற்கோள் காட்டுவோர் சௌரிப்பெருமாள் அரங்கனின் 1915ஆம் ஆண்டுப் பதிப்பா, உ.வே.சாமிநாதையரின் 1937ஆம் ஆண்டுப் பதிப்பா என்று குறிப்பிட வேண்டும் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. பாடவேறுபாடு பொருளை மாற்றும் என்பதை நாம் அறிவோம். ஆனால் அதே ஆய்வேட்டின் முறையியல் பகுதியில் 'தரவுகள் ஆர் மென்பொருளால் பகுப்பாய்வு செய்யப்பட்டன' என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடுகிறோம். எந்தப் பதிப்பு, எந்தப் பொதிகள் என்ற வினா எழுவதே இல்லை. அவ்வினாவுக்கு விடை சொல்ல வேண்டுமாயின் பொதிகள் எவ்வாறு கணினிக்குள் வருகின்றன, எவ்வாறு வெளியேறுகின்றன என்பது தெரிந்திருக்க வேண்டும்.

கட்டளை வரியும் எழுத்துமுறையும்

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகிய இருவரும் தொடங்கிய ஆர் மென்பொருளின் 1.0.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29 அன்று வெளிவந்தது. அதற்கு முன்பே, 1997இல், சிரான் என்னும் பொதுக் களஞ்சியம் அறிவிக்கப்பட்டுவிட்டது. இன்று அங்கே 20,000க்கும் மேற்பட்ட பொதிகள் உள்ளன. பேக்கேஜ் என வழங்கும் பொதி என்பது செயற்கூறுகள், உதவிக் குறிப்புகள், சிலபோது தரவுகள் ஆகியன ஓர் ஒழுங்கில் கட்டப்பட்ட மூட்டை.

பலர் ஆர்ஸ்டூடியோ போன்ற சாளர மென்பொருளில் பொத்தானைச் சொடுக்கியே பொதிகளை நிறுவுகின்றனர். அது பிழையன்று, ஆயினும் சொடுக்கியதன் தடம் ஆய்வாளரின் நிரல் கோப்பில் எஞ்சுவதில்லை. டெர்மினல் என்னும் முனையச் சாளரத்தில் எழுதும் கட்டளையோ ஒரு வரி உரை. அதைப் படியெடுத்துக் கோப்பில் வைக்கலாம், மாணவருக்கு அனுப்பலாம், பின்னிணைப்பில் அச்சிடலாம். மற்றொரு நன்மையும் உண்டு. ஆர் திறந்திருந்து ஒரு பொதி பயன்பாட்டில் இருக்கும்போதே அப்பொதியை மறுபடி நிறுவினால், லினக்சில் நினைவகத்தில் உள்ளதும் வட்டில் உள்ளதும் முரண்பட்டுப் புரியாத பிழைச்செய்திகள் வரும். விண்டோசில் கோப்பு பூட்டப்பட்டு நிறுவல் அரைகுறையாக நிற்கும். ஆரை மூடிவிட்டு முனையத்திலிருந்து நிறுவினால் இத்தொல்லை எழாது.

இக்கட்டுரையில் கட்டளைகள் ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தரப்படுகின்றன. தட்டச்சு செய்யும்போது ரோமன் எழுத்தில் எழுத வேண்டும். பேரெழுத்து, சிற்றெழுத்து வேறுபாடு முக்கியம். முதன்மைக் கட்டளைகள் இரண்டு. ஒன்று 'ஆர் சிஎம்டி இன்ஸ்டால்'. மற்றொன்று 'ஆர் சிஎம்டி ரிமூவ்'. இவற்றின் மூன்று சொற்களும் முழுவதும் பேரெழுத்தில் அமையும். அவற்றை அடுத்துப் பொதியின் பெயரோ கோப்பின் பெயரோ வரும். ஆருக்கு உள்ளே இயங்கும் 'இன்ஸ்டால் பேக்கேஜஸ்' செயற்கூறு முழுவதும் சிற்றெழுத்து. இரு சொற்களுக்கும் நடுவே ஒரு புள்ளி. அதையும் முனையத்திலிருந்தே இயக்க 'ஆர்ஸ்கிரிப்ட்' என்னும் கட்டளையை எழுதி, இடைக்கோடும் 'இ' என்னும் சிற்றெழுத்தும் சேர்த்து, அடுத்து மேற்கோள் குறிக்குள் செயற்கூற்றை இட வேண்டும்.

நூலகம் எங்கே இருக்கிறது?

பொதிகள் நிறுவப்படும் கோப்புறையை ஆர் 'நூலகம்' என்றே அழைக்கிறது. ஒரு கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட நூலகங்கள் இருக்கலாம் என்பதே பெரும்பாலான குழப்பங்களின் வேர். உபுண்டு, டெபியன் கணினிகளில் ஆருடன் வந்த அடிப்படைப் பொதிகளுக்கு ஒன்று, இயக்குதளத்தின் பொதி மேலாளராகிய ஆப்ட் வழி வந்தவற்றுக்கு ஒன்று, கணினியின் எல்லாப் பயனர்க்கும் பொதுவாக நிறுவியவற்றுக்கு ஒன்று, பயனரின் வீட்டுக் கோப்புறைக்குள் அவருக்கு மட்டும் உரிய ஒன்று என நான்கு வரை காணலாம். புள்ளியில் தொடங்கும் 'லிப்பாத்ஸ்' என்னும் செயற்கூறு இவற்றை வரிசையாகக் காட்டும். அந்த வரிசைதான் ஆட்சி செய்கிறது. ஒரு பொதியை அழைக்கும்போது ஆர் முதல் நூலகத்தில் தேடும். அங்கே இல்லாவிடில் அடுத்ததற்குச் செல்லும். முதலில் கண்ட படியை எடுத்துக்கொண்டு தேடலை நிறுத்திவிடும். ஒரே பொதியின் இரு பதிப்புகள் இரு நூலகங்களில் இருப்பின் பின்னது கண்ணுக்கே தெரியாது.

பயனரின் தனி நூலகக் கோப்புறை ஆரின் பதிப்பெண்ணின் முதல் இரு பகுதிகளைப் பெயராகக் கொள்ளும். 3.6 வரிசைக்கு ஒரு கோப்புறை, 4.1 வரிசைக்கு வேறொன்று. எனவே இயக்குதளத்தை உயர்த்தியதும் 'என் பொதிகள் எல்லாம் மறைந்துவிட்டன' என்று பதறுவோர் உண்டு. அவை மறையவில்லை; பழைய கோப்புறையிலேயே இருக்கின்றன; புதிய ஆர் வேறு கோப்புறையைப் பார்க்கிறது. பழையதைப் படியெடுத்துப் புதியதில் ஒட்டிவிடலாமே என்ற எண்ணம் இயல்பாக எழும். 2020 ஏப்ரலில் வந்த 4.0.0 போன்ற பெரும்பதிப்புகளில் எல்லாப் பொதிகளையும் மறுபடி நிறுவியே ஆக வேண்டும் என்று ஆர் குழுவே அறிவித்தது. ஒட்டுவது ஆகாது.

புதியவர் முதலில் இடறும் இடமும் இதுதான். தனி நூலகக் கோப்புறை இன்னும் உருவாக்கப்படாத கணினியில் ஆர் அதை வரிசையில் சேர்ப்பதில்லை. ஆருக்குள் இருந்து நிறுவினால் 'தனி நூலகம் ஒன்றை உருவாக்கலாமா?' என்று கேட்கும். ஆர்ஸ்கிரிப்ட் வழி இயக்கினால் கேட்க ஆளில்லை. எழுத இசைவில்லை என்று சொல்லி நின்றுவிடும். அந்நிலையில் பலர் 'சூடோ' சேர்த்து நிர்வாகி உரிமையோடு நிறுவிவிடுகின்றனர். இதனைக் கட்டுரையாளர் பரிந்துரைப்பதில்லை. நிறுவலின்போது பொதியின் நிரல்கள் இயங்குகின்றன. அவற்றுக்கு முழுக் கணினியையும் திறந்துவிட வேண்டியதில்லை. மேலும், பொதுக் கணினியில் ஒருவர் உயர்த்திய பதிப்பு மற்றெல்லாருடைய ஆய்வையும் தொட்டுவிடும். 'ஆர் லிப்ஸ் யூசர்' என்னும் சூழல் மாறி சுட்டும் கோப்புறையை ஒருமுறை கையால் உருவாக்கிவிட்டால் போதும்.

நிறுவுதல்

'இன்ஸ்டால் பேக்கேஜஸ்' செயற்கூறும் 'ஆர் சிஎம்டி இன்ஸ்டால்' கட்டளையும் ஒன்றே எனக் கருதுவது பரவலான பிழை. முன்னது களஞ்சியத்துக்குச் சென்று, கேட்ட பொதியையும் அது சார்ந்திருக்கும் பிற பொதிகளையும் இறக்கி, உரிய வரிசையில் நிறுவும். பின்னது நம் கையில் உள்ள ஒரு கோப்பை மட்டும் நிறுவும். சார்புப் பொதி இல்லாவிடில் எது இல்லை என்று சொல்லிவிட்டு நிற்கும். லினக்சில் முன்னது மூலநிரலை இறக்கியபின் உள்ளுக்குள் பின்னதையே அழைக்கிறது.

அன்றாடப் பணிக்கு முன்னது போதும். ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. ஒரு பொதி நிறுவப்படாமல் போனால் 'இன்ஸ்டால் பேக்கேஜஸ்' அதனைப் பிழையாக அறிவிப்பதில்லை. எச்சரிக்கையாக மட்டும் சொல்கிறது. நூற்றுக்கணக்கான வரிகள் ஓடிய திரையின் அடியில் அந்த எச்சரிக்கை ஒரு வரியாகக் கிடக்கும். நிரல் தொடர்ந்து இயங்கும். ஏற்கெனவே பழைய பதிப்பு ஒன்று இருந்தால் அதுவே பயன்படும். ஆய்வாளர் புதியதைக் கையாள்வதாக எண்ணிக்கொண்டிருப்பார். ஆகவே நிறுவிய உடனே 'பேக்கேஜ் வெர்ஷன்' செயற்கூற்றால் பதிப்பெண்ணைக் கேட்டறிவது நல்லது. 'ஆர் சிஎம்டி இன்ஸ்டால்' இவ்வகையில் நேர்மையானது. தோற்றால் தோற்றது என்று குறியீடு தந்து வெளியேறும்.

குறிப்பிட்ட ஒரு பழைய பதிப்பு வேண்டும்போது பின்னதே கைகொடுக்கும். சிரான் களஞ்சியம் ஒவ்வொரு பொதியின் முந்தைய பதிப்புகளையும் ஆவணப் பகுதியில் காத்துவைக்கிறது. பொதியின் பெயர், அடிக்கோடு, பதிப்பெண் என்ற வரிசையில் கோப்பின் பெயர் இருக்கும். எடுத்துக்காட்டாக 'ஸ்ட்ரிங்ஐ' பொதியின் 1.7.12 பதிப்பு வேண்டுமெனில் அவ்வெண்ணுள்ள சுருக்கக் கோப்பை இறக்கி, அதன் பெயரை 'ஆர் சிஎம்டி இன்ஸ்டால்' என்பதன் பின் எழுதினால் போதும். வேறு நூலகத்தில் வைக்க விரும்பினால் இடைக்கோடும் 'எல்' என்னும் சிற்றெழுத்தும் இட்டு அக்கோப்புறையின் பெயரைத் தர வேண்டும். இடம் சொல்லாவிடில் 'லிப்பாத்ஸ்' வரிசையின் முதல் நூலகத்தில் அமரும்.

இணைய வசதி குறைந்த கல்லூரிகளில் பணிபுரிவோர் கோப்புகளைப் பென் டிரைவில் கொண்டு செல்ல நேரும். அங்கே வரிசை முக்கியம். 'ஸ்ட்ரிங்ஆர்' 1.5.0 பதிப்பு வேறு ஏழு பொதிகளைச் சார்ந்தது: சிஎல்ஐ, குளூ, லைஃப்சைக்கிள், மக்ரிட்டர், ஆர்லேங், ஸ்ட்ரிங்ஐ, விசிடிஆர்எஸ். இவற்றுள்ளும் லைஃப்சைக்கிள் என்பது ஆர்லேங், குளூ, சிஎல்ஐ ஆகியவற்றின் மேல் நிற்கிறது. விசிடிஆர்எஸ் இந்நான்கையும் வேண்டுகிறது. அடித்தளத்திலிருந்து ஒவ்வொன்றாக எழுப்பிக் கடைசியில்தான் ஸ்ட்ரிங்ஆரை நிறுவ முடியும். எது எதைச் சார்ந்தது என்பது ஒவ்வொரு பொதிக்குள்ளும் இருக்கும் 'டிஸ்கிரிப்ஷன்' என்னும் உரைக்கோப்பில் எழுதப்பட்டிருக்கும். எந்த உரைத்திருத்தியிலும் திறந்து படிக்கலாம்.

நிறுவல் நடக்கையில் மின்சாரம் போய்விட்டால் நூலகத்துக்குள் இரு சுழியங்களும் 'லாக்' என்ற சொல்லும் கொண்டு தொடங்கும் ஒரு கோப்புறை எஞ்சிவிடும். ஒரே நூலகத்தில் இரு நிறுவல்கள் மோதாமல் காக்கும் பூட்டு அது. அடுத்த முறை நிறுவ முயன்றால், கோப்புறையைப் பூட்ட முடியவில்லை என்ற செய்தி வரும். வேறெந்த நிறுவலும் ஓடவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு அதை நீக்கலாம். அதற்குமுன் உள்ளே ஒருமுறை பார்த்துவிடுவது நன்று. பொதியின் பழைய படி அதற்குள் தங்கியிருக்கக்கூடும்.

மூலநிரலும் தமிழ் எழுத்தும்

விண்டோஸ், மேக் ஆகியவற்றுக்குச் சிரான் ஆயத்தமான இருமக் கோப்புகளைத் தருகிறது. லினக்சுக்கு மூலநிரலை மட்டுமே தருகிறது. அதை அந்தக் கணினியிலேயே கம்பைலர் எனப்படும் தொகுப்பிகள் இயங்குநிலைக்கு மாற்ற வேண்டும். டெபியன் வழிவந்தவற்றில் இதற்கான கருவிகளை ஆரின் அடிப்படை மேம்பாட்டுத் தொகுப்பு ஒரே வீச்சில் கொண்டுவந்துவிடும். இங்கே தமிழாய்வாளர் தனியே கவனிக்க வேண்டியது ஸ்ட்ரிங்ஐ பொதி. யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் ஐசியு என்னும் அடிப்படை நிரலகத்தின் மேல் அது நிற்கிறது.

அதன் தேவையை ஒரு சொல்லைக் கொண்டே விளக்கலாம். 'தமிழ்' என்பதில் நமக்கு மூன்று எழுத்துகள். யூனிகோடிலோ ஐந்து குறிகள்: தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி. ஆரின் அடிப்படைச் செயற்கூறு இதன் நீளத்தை 5 என்று சொல்லும். எண்பிட்டுகளை எண்ணச் சொன்னால் 15 என்று சொல்லும். எழுத்தெல்லையைக் கணக்கில் கொண்டு எண்ணும் ஸ்ட்ரிங்ஐ செயற்கூறுதான் 3 என்கிறது. சீரின் நீளம், சொல்லின் நீளம் பற்றிய ஆய்வில் எது கையாளப்பட்டது என்று சொல்லாமல் சராசரி தருவது பொருளற்றது. அகரவரிசையிலும் இதே நிலை. குறியெண்களின் வரிசைப்படி அடுக்கினால் னகரம் நகரத்தின் பின்னும் பகரத்தின் முன்னும் வந்து நிற்கும். றகரம் ரகரத்தை அடுத்து வரும். தமிழ் நெடுங்கணக்கு வேண்டுமாயின் தமிழ் வழக்கை ஐசியுவிடம் கேட்க வேண்டும். அகராதி முறையில் அமைய வேண்டிய சொல்லடைவு எந்த வரிசையில் அச்சாகிறது என்பதை ஒரு பொதியின் நிறுவல் முடிவுசெய்கிறது.

லினக்சில் ஸ்ட்ரிங்ஐ நிறுவப்படும்போது கணினியில் ஐசியுவின் மேம்பாட்டுக் கோப்புகள் இருந்தால் அந்தப் பதிப்போடு தன்னைப் பிணைத்துக்கொள்ளும். உபுண்டு 20.04இல் இருப்பது ஐசியு 66, 22.04இல் 70. ஆரின் பதிப்பு மாறாமல் இயக்குதளம் மட்டும் உயர்த்தப்பட்டால், பழைய நூலகக் கோப்புறையில் உள்ள ஸ்ட்ரிங்ஐ, 66ஆம் எண்ணுள்ள ஐசியு கோப்பைத் தேடிக் காணாமல் ஏற மறுக்கும். ஸ்ட்ரிங்ஆர், குவான்டெடா என அதன் மேல் நிற்கும் எல்லாம் சேர்ந்து விழும். மருந்து எளிது; ஸ்ட்ரிங்ஐயை மட்டும் மூலநிரலிலிருந்து மறுபடி நிறுவினால் புதிய ஐசியுவோடு பிணைந்துகொள்ளும்.

விண்டோஸ் பயனர்க்கு வேறொரு வரலாறு உண்டு. 2022 ஏப்ரலில் வந்த 4.2.0க்கு முன் விண்டோசில் ஆர் இயக்குதளத்தின் உள்ளூர்க் குறியேற்றத்தையே நம்பியிருந்தது. அதில் தமிழுக்கு இடமில்லை. தமிழ்ச் சொற்கள் கோணக் குறிகளுக்குள் யூனிகோடு எண்களாகத் திரையில் வந்து நின்றதைப் பார்த்து ஆரையே கைவிட்டவர்கள் உண்டு. அண்மை விண்டோஸ் பதிப்புகளில் 4.2.0 முதல் யூடிஎஃப்-8 இயல்பாயிற்று. இன்னமும் பழைய ஆரை வைத்துக்கொண்டு பொதிகளை மாற்றி மாற்றி நிறுவி இதைச் சரிசெய்ய முயல்வது வீண். மாற்ற வேண்டியது ஆரையே.

நீக்குதல்

நிறுவலைப் பற்றி எழுதுவோர் நீக்கலை ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். 'ஆர் சிஎம்டி ரிமூவ்' என்று எழுதிப் பொதியின் பெயரைத் தந்தால் அது நீங்கிவிடும் என்பது உண்மையே. எது நீங்குகிறது, எது நீங்குவதில்லை என்பதில்தான் சிக்கல்.

முதலாவது, இடம் குறிப்பிடாவிடில் இக்கட்டளை வரிசையின் முதல் நூலகத்தில் மட்டுமே தேடுகிறது. அதே பொதியின் பழைய படி பொது நூலகத்தில் இருக்குமானால் அது அப்படியே இருக்கும். இதுவரை தனி நூலகத்தின் புதிய படியால் மறைக்கப்பட்டிருந்த அந்தப் பழைய படி, நீக்கிய கணமே வெளியே வந்துவிடும். அடுத்த முறை அப்பொதியை அழைத்தால் 'அப்படி ஒரு பொதி இல்லை' என்ற செய்தி வராது. பழைய பதிப்பு ஓசையின்றி ஏறிவிடும். பிழைச்செய்தி வந்தால் ஆய்வாளர் விழித்துக்கொள்வார். வராத இடத்தில்தான் கேடு. எனவே நீக்கியபின் அப்பொதியை வேண்டுமென்றே ஒருமுறை அழைத்துப் பார்க்க வேண்டும். ஏறினால், எந்தக் கோப்புறையிலிருந்து ஏறுகிறது என்பதை 'ஃபைண்ட் பேக்கேஜ்' செயற்கூறு காட்டிவிடும்.

இரண்டாவது, நீக்கும் கட்டளை யாரையும் கலந்துகொள்வதில்லை. ஆர்லேங் பொதியை நீக்கச் சொன்னால், அதன் மேல் எத்தனை பொதிகள் நின்றாலும் எதிர்ப்பின்றி நீக்கிவிடும். அவை அடுத்த முறை அழைக்கப்படும்போதுதான் விழும். முன்னரே அறிய விரும்பினால், ஆருடன் வரும் 'டூல்ஸ்' பொதியில் உள்ள 'டிபென்ட்ஸ் ஆன் பேக்கேஜஸ்' என்னும் செயற்கூறு, கணினியில் உள்ளவற்றுள் எவையெவை அதைச் சார்ந்துள்ளன என்று பட்டியல் தரும். மறுபுறம், ஒரு பொதியோடு சேர்ந்து வந்த சார்புப் பொதிகளும் அதனோடு நீங்குவதில்லை. ஆப்ட் மேலாளரிடம் உள்ளதுபோல் ஆதரவற்றவற்றைத் தானே துடைக்கும் ஏற்பாடு ஆரின் நீக்கும் கட்டளையில் இல்லை. வட்டில் இடம் மிகக் குறைந்தாலன்றி அவற்றை விட்டுவிடுவதே பாதுகாப்பு.

மூன்றாவது, வந்த வழியே அனுப்ப வேண்டும். ஆப்ட் வழி நிறுவிய ஆர் பொதிகளை ஆப்ட் வழியே நீக்க வேண்டும். நிர்வாகி உரிமையோடு 'ஆர் சிஎம்டி ரிமூவ்' கொடுத்து அவற்றை அழித்தால் கோப்புகள் போய்விடும். ஆனால் இயக்குதளத்தின் பதிவேட்டில் அப்பொதி இன்னும் இருப்பதாகவே இருக்கும். பின்னர் மறுபடி நிறுவச் சொன்னால் 'ஏற்கெனவே உள்ளது' என்ற விடை வந்து திகைக்க வைக்கும்.

பொதிக்கு வெளியே இறக்கிய கோப்புகளும் உண்டு. யூடிபைப் பொதி தமிழ்ச் சொல்வகை அடையாளம் காணத் தமிழ் மாதிரிக் கோப்பு ஒன்றைத் தனியே இறக்கிக்கொள்கிறது. பிராகாவின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் உருவான, 600 வாக்கியங்கள் கொண்ட தமிழ் மரவங்கியிலிருந்து பயிற்றப்பட்டது அது. பொதியை நீக்கினாலும் அக்கோப்பு பணிக்கோப்புறையிலேயே இருக்கும். பொதியைப் புதுப்பித்தாலும் பழைய மாதிரியே பயன்படக்கூடும். (சங்க இலக்கியத்தின் மேல் இம்மாதிரியை ஏவி வரும் சொல்வகை எண்களை அப்படியே நம்புவது குறித்துத் தனியே ஒரு கட்டுரை எழுத வேண்டும்.)

பதிவுசெய்தல்

நிறுவியதும் நீக்கியதும் ஆய்வேட்டில் எவ்வாறு இடம்பெற வேண்டும்? குறைந்த அளவாக, இறுதிப் பகுப்பாய்வு முடிந்த அன்று 'செஷன் இன்ஃபோ' செயற்கூற்றை இயக்கி, அதன் வெளியீட்டை ஓர் உரைக்கோப்பில் சேமிக்க வேண்டும். ஆரின் பதிப்பு, இயக்குதளம், மொழியமைப்பு, ஏறியிருக்கும் பொதிகளின் பதிப்பெண்கள் ஆகியன ஒரு பக்கத்துக்குள் வந்துவிடும். பகுப்பாய்வுக்கான பொதிகள் ஏறியிருக்கும் அதே அமர்வில் இதைச் செய்ய வேண்டும். புதிதாகத் திறந்த ஆரில் கேட்டால் அடிப்படைப் பொதிகள் மட்டுமே வரும். துணைநூற்பட்டியலுக்கு 'சைட்டேஷன்' செயற்கூறு ஒவ்வொரு பொதிக்கும் மேற்கோள் வடிவத்தைத் தருகிறது. பொதியை எழுதியவர்க்குரிய நன்றிக்கடனும் அதில் தீரும்.

ஈராண்டுக்கு மேல் நீளும் ஆய்வுகளுக்கு 'ஆர்என்வ்' பொதி ஏற்றது. ஒவ்வொரு ஆய்வுத்திட்டத்துக்கும் தனி நூலகம் அமைத்து, எந்தப் பொதியின் எந்தப் பதிப்பு என்பதைப் பூட்டுக்கோப்பு ஒன்றில் எழுதிவைக்கிறது. வேறு கணினியில் அக்கோப்பைக் கொடுத்து மீட்கச் சொன்னால் அதே பதிப்புகளைத் தேடி நிறுவ முயலும். முயலும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: ஆரின் பதிப்பை அது குறித்துவைக்குமே தவிர நிறுவாது, ஐசியு போன்ற இயக்குதள நிரலகங்களும் அதன் கைக்கு அப்பாற்பட்டவை. கட்டுரையாளரின் 40 பாடல் சிக்கலை ஆர்என்வ் மட்டும் தீர்த்திருக்காது.

வெளியார் காப்பகங்களை மட்டும் நம்புவதிலும் இடர் உண்டு. சிரான் களஞ்சியத்தின் நாள்வாரிப் படிகளை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எம்ரான் என்ற பெயரில் வழங்கிவந்தது. குறிப்பிட்ட நாளில் இருந்த பதிப்புகளை அப்படியே பெற அதைச் சார்ந்திருந்தோர் பலர். 2023 ஜூலை 1 அன்று அது மூடப்பட்டது. ஆய்வேட்டுக்குப் பயன்பட்ட பொதிகளின் சுருக்கக் கோப்புகளைத் தரவகத்தோடு ஒரே கோப்புறையில் வைத்துக்கொள்ளச் சில நூறு மெகாபைட் இடம் போதும். கட்டுரையாளரின் ஆய்வேட்டில் இப்போது மூன்றாம் பின்னிணைப்பாக இருப்பவை அக்கோப்புகளின் பட்டியல், அவற்றை நிறுவிய வரிசையில் 'ஆர் சிஎம்டி இன்ஸ்டால்' கட்டளைகள், குலுக்கலின் தொடக்க எண், குலுக்கல் வகை, தேர்வான 40 பாடல்களின் எண்கள் ஆகியன. பாடல் எண்களையும் அச்சிட்டதற்குக் காரணம், கட்டளைகள் அனைத்தும் ஒருநாள் இயங்காமல் போனாலும் அந்த 40 பாடல்களைக் குறுந்தொகைப் பதிப்பைப் புரட்டியே எடுத்துவிடலாம் என்பதுதான்.